தயிரைத் திருப்பிப் போட்டவன் ரிக்கார்டு

பிரிச்சிராதலே ராசா! அந்தப் பளபளப்புத் தாள்ல நகம் பட்டுறக் கூடாது. ஒரே ரிக்கார்டை ரெண்டு வாங்கியிருக்க. ஒண்ணு கேக்கதுக்கு, இன்னொண்ணு சீலு பிரிக்காம அப்படியே வைக்கதுக்குன்னு உங்க அம்மைட்ட நீ சொன்னது என் காதுல விழுந்துச்சு. நல்ல யோசனைதான். ஆனா என் புத்தியையும் கொஞ்சம் கேளு. கேக்கதுக்குன்னு வாங்குனதையும் சேத்துப் பீரோவுல வச்சுப் பூட்டிரு. உன்கிட்டதான் அதைச் சுத்தவிட ஒரு மிஷினும் கிடையாதே.

வெக்கப்படாத. நீ தனியாள் இல்ல. பாட்டு விக்கிற கணக்கெடுக்க அமெரிக்காவுல லூமினேட்னு ஒரு கம்பெனி இருக்கு. ரிக்கார்டு வாங்குதவங்கள்ல பாதிப் பேர்ட்டதான் அதைப் போட்டுக் கேக்க மிஷின் இருக்குன்னு அவங்க கணக்கெடுத்துச் சொன்னாங்க. மீதிப் பேரு என்ன செய்வாங்க? செவுத்துல ஆணியடிச்சு மாட்டுவாங்க. மூஞ்சிக்குப் பக்கத்துல பிடிச்சுப் போட்டோ எடுப்பாங்க. 2022-ல அந்த நாட்டுல சி.டி. சுமார் 3 கோடியே 30 லட்சம் வித்துச்சாம், ரிக்கார்டு 4 கோடியே 10 லட்சம். எண்ணிக்கையில ரிக்கார்டு சி.டி.யை முந்துனது 1987-க்குப் பொறவு அப்பத்தான். செத்துப்போச்சுன்னு நாங்க பரண்ல தூக்கிப்போட்ட சாமான் எந்திரிச்சு வந்து நிக்கி. அதுல எம்புட்டு வாயைத் திறக்காமலே நிக்கோ!

நான் ரேடியோ செட்டுக் கட்டுனவன்லே. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, எதுன்னாலும் வேப்பமரத்துல குழாயைக் கட்டி ரிக்கார்டைச் சுத்தவிட்டா நாலு ஊருக்குக் கேக்கும். அதனால இந்த விசயத்துல வாயடிக்க எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. உங்க பாட்டி இல்லைன்னுதான் சொல்லுவா. அவளுக்குக் குழாய்ச் சத்தம் ஆகாது.

அட்டையைப் பாத்தேன். மஞ்சளோ மஞ்சள், கண்ணு கூசுது. சுத்திப் பூவு, நடுவுல மூணு பயலுவ தலை. நீ அட்டையத் தடவிக்கிட்டு இருந்த நேரத்துல உன் தங்கச்சி போனைப் பாத்து எனக்கு எல்லாத்தையும் வாசிச்சுச் சொல்லிட்டா. டி லா சோல்னு ஒரு குழு. 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்', அவங்க போட்ட மொத ரிக்கார்டு. 1989-ல வந்தது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுன்னு இருக்காம், அதுல அமிட்டிவில்ங்கிற ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பயலுவ. கெல்வின் மெர்சர், டேவிட் ஜோலிகோர், வின்சென்ட் மேசன். நாலாவதா, கூட இருந்து பாட்டைக் கட்டிக்குடுத்தவர் பிரின்ஸ் பால்.

பேரைக் கேட்டியா? கெல்வின் பேரு பாஸ்டநூஸ். டேவிட் பேரு ட்ரூகாய். அந்த டேவிட்டுக்குத் தயிர்னா உசுராம். தயிருக்கு உள்ள இங்கிலீசு வார்த்தையை வால்லேருந்து தலைக்கு எழுதித் தனக்குப் பேரா வச்சுக்கிட்டான். நம்ம ஊர்ல மூணு வேளையும் தயிர்ச்சோத்தைப் பிசையுத ஒருத்தனுக்காவது இது தோணியிருக்கா? அந்தக் காலத்துல அங்கன ராப்பு பாடுதவன்னா கழுத்துல கெட்டிச் சங்கிலி போட்டு மொறைச்சுக்கிட்டு நிப்பான். இவனுவ பூவையும் பூப்போட்ட சட்டையையும் போட்டுக்கிட்டு வந்து நின்னானுவ. உடனே 'ஹிப்பி'ன்னு முத்திரை குத்திட்டாங்க. அது பிடிக்காம, 1991-ல அடுத்த ரிக்கார்டு போடயில அட்டையில உடைஞ்ச பூந்தொட்டியை வச்சு, 'டி லா சோல் செத்தாச்சு'ன்னே பேர் வச்சிட்டானுவ. எனக்கு இந்தப் பயலுவளைப் பிடிச்சுப்போச்சு.

இப்ப நீ ரெண்டு வாங்குன கதைக்கு வருதேன். இந்த ஹிப்-ஹாப்புங்கிறதே ஒரே ரிக்கார்டை ரெண்டு வாங்குனவனாலதான் வந்துச்சு, தெரியுமா? ஜமைக்காவுலேருந்து வந்த ஒரு பையன், கிளைவ் கேம்ப்பெல்னு பேரு, கூல் ஹெர்க்னு சொல்லுவாங்க. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்ல பிராங்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் நம்பர் கட்டடம். பள்ளிக்கூடம் திறக்கப்போகுது, புதுத் துணி எடுக்கக் காசு வேணும்னு அவன் தங்கச்சி ஒரு ஆட்டம்பாட்டம் ஏற்பாடு பண்ணுதா. இவன் ரிக்கார்டு போடுதான். பாட்டுல பாடுதவன் வாயை மூடி, வெறும் மேளம் மட்டும் அடிக்கிற இடம் வந்தா ஆடுதவங்களுக்கு வெறி ஏறுது. ஆனா அது கொஞ்ச நேரத்துல முடிஞ்சிருது. என்ன செய்ய? அதே ரிக்கார்டு இன்னொண்ணு வாங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மிஷின்ல வச்சான். ஒண்ணுல மேளம் முடிய, இன்னொண்ணுல மேளம் தொடங்க, திரும்பவும் இது, திரும்பவும் அது. கை ஓயற வரைக்கும் மேளம் நிக்காது.

நாட்டு வைத்தியன் வேரோட பேரைச் சொல்லமாட்டான் பாரு, அதுமாதிரி ஹெர்க் தன் ரிக்கார்டுல ஒட்டியிருந்த பேர்ச்சீட்டைத் தண்ணியில ஊறப்போட்டு உரிச்சிருவானாம். எந்தப் பாட்டுன்னு போட்டிக்காரன் எட்டிப்பாத்தாலும் தெரியக் கூடாது. இப்ப உன்னய மாதிரி ஆளுங்க, சீட்டு ஓரத்துல லேசா மடிஞ்சிருந்தாலே திருப்பி அனுப்பிருதீங்க. அவனும் ஒரே ரிக்கார்டு ரெண்டு வச்சிருந்தான், நீயும் ரெண்டு வச்சிருக்க. அவன் ரெண்டையும் தேய்ச்சே தீத்தான். நீ ரெண்டையும் தொடாமலே காப்பாத்தப் போற. உன் சாமர்த்தியம் அவனுக்கு இல்லாமப் போச்சு.

டி லா சோல் பயலுவ அடுத்த தலைமுறை. அதுக்குள்ள சாம்ப்ளர்னு ஒரு பெட்டி வந்துருச்சு. எந்த ரிக்கார்டுலேருந்தும் ஒரு துண்டைப் பிடிச்சு உள்ள போட்டு, திரும்பத் திரும்ப அடிக்கலாம். அந்தக் காலத்துப் பெட்டியில சில விநாடிச் சத்தம்தான் கொள்ளும். அதுக்கும் ஒரு கள்ளத்தனம் கண்டுபிடிச்சாங்க. 33 வேகத்துல ஓடவேண்டிய ரிக்கார்டை 45-ல ஓட்டுனா, பாட்டு சீக்கிரமா ஓடிக் கொஞ்ச இடத்துல அடங்கிரும். உள்ள போனபொறவு பெட்டியில வேகத்தைக் குறைச்சுக்கிடலாம். இப்படி ஒரு மூளை எனக்கு அப்ப இருந்திருந்தா, நான் இன்னும் நாலு குழாய் சேத்து வாங்கியிருப்பேன்.

இவனுவ எந்த ரிக்கார்டைப் பிடிச்சுப் போட்டானுவ? அப்பன் ஆத்தா வீட்டுல சேத்துவச்ச ரிக்கார்டை. ராப்பு பாடுதவன் தொடக்கூடாதுன்னு மத்தவன் நெனச்ச சரக்கையெல்லாம் தொட்டானுவ. ஸ்டீலி டான், ஹால் அண்ட் ஓட்ஸ், ஃபங்கடெலிக், ஓட்டிஸ் ரெடிங் அடிச்ச விசில். சின்னப் புள்ளைகளுக்கு மூணாம் வாய்ப்பாடு சொல்லித்தர டி.வி.யில வந்த பாட்டுலேருந்து ஒரு பாட்டு பிறந்துச்சு. ஆத்துல வெள்ளம் அடி அடியா ஏறுததைப் பத்தி ஜானி கேஷ் பாடுனதுலேருந்து ரிக்கார்டுக்கே பேரு கிடைச்சுச்சு. பாட்டுக்கு நடுவுல டி.வி. வினா-விடைப் போட்டி மாதிரி ஒரு கூத்து. மொத்தம் 24 துண்டு. இதைக் கேட்டுட்டுத்தான் ராப்பு ரிக்கார்டுல எல்லாவனும் நடுநடுவே நாடகம் போட ஆரம்பிச்சான்னு சொல்லுதாங்க. சிலபேரு போடுத நாடகத்தைக் கேட்டா, ஏன்டா இவனுவ கத்துக்குடுத்தானுவன்னு இருக்கு.

அதுல ஒரு துண்டு, ஒரு நிமிசத்துச் சொச்சம். பிரெஞ்சுப் பாடம் சொல்லித்தர ரிக்கார்டுல ஒரு குரல் பேசுது, பின்னால டர்ட்டில்ஸ்ங்கிற பழைய குழுவோட பாட்டு மெல்ல ஓடுது. அம்புட்டுத்தான். ஆமைன்னு பேர் வச்சிருந்தாலும் அவங்க கோர்ட்டுக்கு வேகமாத்தான் போனாங்க. எங்களைக் கேக்காம எடுத்துட்டான்னு வழக்கு. கடைசியில கோர்ட்டுக்கு வெளிய பேசித் தீத்தாங்க. இதுல பாரு, அந்தப் பாட்டை டர்ட்டில்ஸே எழுதல. பைர்ட்ஸ் குழுவோட ரோஜர் மெக்குயினும் ஜீன் கிளார்க்கும் எழுதிக் குடுத்தது. பொறவு 1991 டிசம்பர்ல பிஸ் மார்க்கின்னு இன்னொரு ராப்புக்காரன் மேல வேற ஒரு வழக்கு. நீதிபதி தீர்ப்பையே திருட்டைப் பத்தின பைபிள் கட்டளையோட ஆரம்பிச்சாரு. அன்னையிலேருந்து ஒவ்வொரு துண்டுக்கும் முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்கணும், காசு கட்டணும்னு ஆயிருச்சு. இப்படி நூலு நூலாச் சேத்துத் தச்ச ரிக்கார்டு போடணும்னா அதுக்குப் பொறவு பெரிய பணக்காரனா இருக்கணும்.

சரி, 1989-ல வந்த ரிக்கார்டுதானே, விட்டுத்தள்ளுன்னு நெனைக்கியா? அங்கதான் கதை இருக்கு. பழைய ஒப்பந்தங்கள்ல ரிக்கார்டு, கேசட்டுன்னு மட்டும் குறிப்பா எழுதியிருந்துச்சுன்னு பாஸ்டநூஸே சொல்லியிருக்காரு. நாளைக்குக் காத்துல பாட்டு வரும், போன்ல பாட்டு ஓடும்னு எவன் கண்டான்? காத்துல பாட்டு வந்துச்சு. ஊர்ல உள்ள பாட்டெல்லாம் போனுக்குள்ள போயிருச்சு, இவங்க பாட்டு மட்டும் வெளிய நின்னுச்சு. அத்தனை துண்டுக்கும் புதுசாச் சீட்டு வாங்கணுமேன்னு உரிமை வச்சிருந்தவங்க மலைச்சுப்போய்க் கெடப்புல போட்டுட்டாங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், தேசத்துக்காகக் காப்பாத்த வேண்டிய ஒலிப்பதிவுன்னு இந்த ரிக்கார்டைப் பட்டியல்ல சேத்திருக்கு. தேசம் காப்பாத்தி வச்சிருக்கிற பாட்டைத் தேசத்துப் பிள்ளைக அப்பப் போன்ல தேடுனா கிடையாது! எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வந்துச்சு.

டி லா சோல் பயலுவளும் சும்மா இருக்கல. 2014 காதலர் தினத்துல, எங்க பழைய பாட்டு மொத்தத்தையும் சும்மாவே எடுத்துக்கோங்கன்னு 25 மணி நேரம் திறந்துவிட்டாங்க. தங்க பாட்டைத் தாங்களே வாரி இறைச்சாங்க. ரசிகங்ககிட்ட துண்டேந்தி 6 லட்சம் டாலருக்கு மேல சேத்து 2016-ல ஒரு புது ரிக்கார்டு போட்டாங்க. அதுல என்ன செஞ்சாங்கன்னா, வாத்தியக்காரங்களைக் கூப்பிட்டு உக்காத்திவச்சு 200 மணி நேரத்துக்கு மேல வாசிக்கவிட்டு, அதுலேருந்தே துண்டு எடுத்துக்கிட்டாங்க. எவன் வந்து கேஸ் போடுவான்? சூடுபட்ட பூனைன்னு சொல்லலாம்தான், ஆனா இது பாலைக் கண்டு ஓடாம மாட்டையே வாங்கிக் கட்டிக்கிட்ட பூனை.

2019-ல, இவங்க ரிக்கார்டைப் போட்ட டாமி பாய் கம்பெனி பழைய பாட்டை ஆன்லைன்ல விடப்போறேன்னுச்சு. வர்ற காசுல நூத்துக்குத் தொண்ணூறு கம்பெனிக்கு, பத்துதான் எங்களுக்குன்னு குழுக்காரங்க வெளிய வந்து சொல்லிட்டாங்க. ஊரே கொதிச்சுப்போச்சு, கம்பெனி நிறுத்தி வச்சுச்சு. 2021-ல ரெசர்வாயர்னு இன்னொரு கம்பெனி டாமி பாயைச் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கி, இவங்களோட உக்காந்து பேசி, சீட்டு வாங்கவேண்டியதுக்கெல்லாம் வாங்கி, வாங்க முடியாத சிலதைத் திரும்ப வாசிச்சு ஒப்பேத்தி, 2023 மார்ச் 3-ஆம் தேதி எல்லாத்தையும் போன்ல வெளியிட்டாங்க. ரிக்கார்டாவும் வந்துச்சு. தயிர்க்காரன் டேவிட் அதுக்குச் சுமார் மூணு வாரம் முன்னால, பிப்ரவரி 12-ல செத்துப்போனாரு. வயசு 54.

இதையெல்லாம் கேட்டபொறவும் அந்தச் சீலைப் பிரிக்காம இருக்க உன்னால முடியும்னா, நீ பெரிய ஆளுதான்.

பிரிச்சுத்தான் ஆகணும்னு ஒருவேளை உனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னா, வேலைக்காரன் பேச்சா நாலு வார்த்தை கேட்டுக்கோ. அட்டையில ஆயிரம் பெருமை அச்சடிச்சிருப்பான். கனமான தட்டுன்னா சத்தம் நல்லாருக்கும்னு ஒருத்தன் சொல்லுவான். கனமாத்தான் இருக்கும், சத்தம் எப்படி வெட்டுனாங்கங்கிறதுல இருக்கு. ஒரு பக்கத்துல அதிக நேரம் அடைச்சா வரி நெருக்கிக்கிடும், சத்தத்தைக் கம்மி பண்ணித்தான் வெட்டணும். இந்த ரிக்கார்டு ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடும். அதான் ரெண்டு தட்டாப் பிரிச்சிருக்காங்க. அதுல நியாயம் இருக்கு. கலர்த் தட்டு, கண்ணாடித் தட்டுங்கிறதெல்லாம் கண்ணுக்கு. எனக்கு அது வளையல் கடை வேலை மாதிரிதான் தோணும், உன் தங்கச்சிக்குப் பிடிச்சிருக்கு.

கரகரப்பு இருக்குன்னு கடைக்காரனோட சண்டைக்குப் போறதுக்கு முன்னால காதைத் தீட்டிக் கேளு. மேல படிஞ்ச தூசின்னா நாரு பிரஷ்ல துடைச்சாப் போயிரும். துடைச்சும் போகாத கரகரப்பு ஒண்ணு இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் வராம, தாளத்தோட சேந்து வரும். அது உன் தட்டுல இல்லலே. அந்தப் பயலுவ துண்டெடுத்த பழைய ரிக்கார்டுல இருந்த கீறல். எவன் வீட்டுலயோ எவன் கைபட்டோ விழுந்தது, சாம்ப்ளர் பெட்டிக்குள்ள போயி, டேப்புக்குப் போயி, இப்பப் புத்தம்புதுத் தட்டுல அச்சாகி வந்திருக்கு. கடையில 'சுத்தமான பழைய ஒலி'ன்னு விக்கானே, அந்தச் சுத்தம் இதுதான். அதையும் துடைக்கணும்னு நீ சாராயத்தை ஊத்தித் தேய்ச்சாலும் தேய்ப்ப. கொஞ்சம் நிறுத்தி யோசி.

பெட்டி மாதிரி மூடித் திறக்கிற மலிவு பிளேயர் வாங்காத. அதுல முள்ளு தட்டை அமுக்குத அமுக்கு ஜாஸ்தி. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜுன்னா ரெண்டு கிராம் வாக்குல எடை வச்சாப் போதும். தட்டை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்காத, நிக்கவை. நம்ம ஊர் வெயில்ல ஜன்னலோரம் வச்சா சாயங்காலம் அப்பளமா எடுத்துக்கிடலாம். இன்னும் ஒண்ணு, போட்டோ எடுக்கையில தட்டுல விரலை வைக்காத, ஓரத்தைப் பிடி. முகம் தெரியலேன்னு கவலைப்படாத, அதுவும் ஒரு புண்ணியந்தான்.

மிஷினுக்கு எங்க போறதுன்னு முழிக்கியா? பரண்ல என் பழசு கெடக்கு. பெல்ட்டு ஒண்ணு மாத்தணும், முள்ளு புதுசு போடணும், செலவு உன்னது. வாடகைக்குத் தாரேன். பத்திரம் எழுதியே வச்சிட்டேன். நேரத்துல நூத்துக்குத் தொண்ணூறு எனக்கு, பத்து உனக்கு. ரிக்கார்டு, கேசட்டுன்னு எழுதி ஏமாற நான் ஒண்ணும் நியூயார்க்காரன் இல்ல. இப்ப இருக்கிற சாமானுக்கும் இனிமே எவன் என்ன கண்டுபிடிச்சாலும் அதுக்கும் செல்லும்னு போட்டிருக்கேன். உன் தங்கச்சி சாட்சிக் கையெழுத்துப் போட்டாச்சு. நீ போடதுக்கு முன்னால ரெண்டாம் பக்கத்தை நல்லா வாசிச்சுக்கோ. அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. அது என்னன்னு நான் சொல்ல மாட்டேன்.